நண்டலாற்றுக்கு அப்பால்: பட்டம் பெறாத போதகர்

காரைக்காலிலிருந்து கோட்டுச்சேரி, பூவம் வழியாக வடக்கே போகும் சாலை நண்டலாற்றைக் கடந்ததும் பொறையாரும், அதை அடுத்துத் தரங்கம்பாடியும் வந்துவிடுகின்றன. இன்று அந்த ஆறு புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையில் ஓர் எல்லைக்கோடு. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் அது இரண்டு ஐரோப்பிய அரசுகளையும் இரண்டு வகைக் கிறிஸ்தவத்தையும் பிரித்து நின்றது. வடக்கே, 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்த உடன்படிக்கையால் டேனியர்கள் பெற்ற தரங்கம்பாடி; அங்கே லுத்தரன் சபை. தெற்கே, 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காரைக்கால், அங்கே கத்தோலிக்கம். இரண்டையும் சூழ்ந்து தஞ்சை மராத்தியரின் நிலம். காரைக்கால் கரையின் சமய வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் ஆற்றின் தென்கரையோடு நின்றுவிடுகிறார்கள். இந்தப் பகுதியில் நாம் வடகரைக்குப் போகவேண்டியிருக்கிறது. ஒருவர் இறைப்பணிக்கு அழைக்கப்பட்டார் என்பதை யார் முடிவுசெய்வது என்ற கேள்வி, இந்தக் கடற்கரையில் முதன்முதலாகத் தமிழரை முன்வைத்துக் கேட்கப்பட்டது அங்கேதான். கிடைத்த விடை சரியானதல்ல என்பது என் கருத்து. அந்த விடையின் தவறு தரங்கம்பாடியோடு நிற்கவில்லை.

முதலில் ‘அழைப்பு’ என்ற சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சபை வழக்கில் அது வெறும் விருப்பத்தைக் குறிக்கும் சொல்லன்று. லுத்தரன் மரபில் அதற்கு இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்று உள்ளத்தில் நிகழ்வது: தன் பாவத்தை உணர்தல், மனந்திரும்புதல், பிறருக்குச் சொல்லாமல் இருக்கமுடியாது என்ற நிலை. மற்றொன்று சபை வெளிப்படையாகத் தருவது. 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 14ஆம் பிரிவு, முறைப்படி அழைக்கப்படாத எவரும் சபையில் பகிரங்கமாகப் போதிக்கவோ திருச்சடங்குகளை நடத்தவோ கூடாது என்கிறது. தரங்கம்பாடிக்கு வந்த மிஷனெரிகளில் பெரும்பாலோர் ஜெர்மனியின் ஹாலே நகரில் அகஸ்ட் ஹெர்மன் பிராங்கே வளர்த்த பக்தி இயக்கத்தில் பயின்றவர்கள். அவர்களுக்கு முதல் பக்கம்தான் உயிர். மனந்திரும்பாத மனிதர் எவ்வளவு படித்திருந்தாலும், எந்தப் பேராயர் கைவைத்திருந்தாலும், அவர் போதகர் அல்லர் என்று தங்கள் நாட்டுச் சபையிலேயே வாதாடியவர்கள் அவர்கள். தங்கள் சபையை அவர்கள் எந்த அளவுகோலால் அளந்தார்களோ அதே அளவுகோலால்தான் அவர்களையும் அளக்கவேண்டும். வேறொரு காலத்தின் அளவுகோலை நான் கொண்டுவரவில்லை.

அவர்களுடைய முன்னோடி பர்த்தலோமேயு சீகன்பால்கின் கதையே இதற்குச் சான்று. நோய் காரணமாக அவர் தம் பல்கலைக்கழகப் படிப்பை முடிக்கவில்லை. தாம் இப்பணிக்குத் தகுதியானவர்தானா என்ற ஐயம் அவரை நெடுநாள் வாட்டியது. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக், தம் நாட்டார் எவரும் அகப்படாத நிலையில் ஜெர்மானியரான சீகன்பால்கையும் ஹைன்ரிக் புளூட்சோவையும் தேர்ந்தெடுத்தபோது, கோபன்ஹேகன் பேராயர் தயங்கினார். அரசரின் விருப்பம் அந்தத் தயக்கத்தை வென்றது. 1705இல் குருப்பட்டம் பெற்று, 1706 ஜூலை 9ஆம் நாள் இருவரும் தரங்கம்பாடியில் கரையிறங்கினார்கள். அரைகுறைப் படிப்பும் ஐயமும் நோயும் கொண்ட ஓர் இளைஞரைச் சபையின் தலைவர் ஏற்கத் தயங்கியும், அழைப்பு உண்மையானது என்று நம்பிய ஒரு பெரிய கை அவரைத் தூக்கிவிட்டது. இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும், பின்னர் தேவைப்படும்.

சீகன்பால்க் 1719 பிப்ரவரியில், 40 வயதுகூட ஆகுமுன் இறந்தார். அவர் விட்டுச்சென்றவற்றில் இரண்டு இந்தக் கதைக்கு முக்கியம். ஒன்று அச்சுக்கூடம். 1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் முழுப் புதிய ஏற்பாடும் தமிழில் அச்சேறின. எழுத்து வார்க்கவும் காகிதம் செய்யவும் பொறையாரில் பட்டறை ஏற்பட்டது. மற்றொன்று பள்ளிகள். 1717இல் கடலூரில் தொடங்கிய தர்மப் பள்ளியின் தொடர்பால் வந்தவர் ஆறுமுகம் என்ற இளைஞர்; வணிகக் குடும்பத்தில், வேளாளர் குலத்தில் பிறந்தவர். 1718இல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் கையால் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். ஆசிரியராக, பிறகு குருப்பட்டமின்றிப் போதிக்கும் உபதேசியாராக உழைத்தார். 1733 டிசம்பர் 28ஆம் நாள் புதிய எருசலேம் ஆலயத்தில் அவருக்குக் குருப்பட்டம் வழங்கப்பட்டது. இந்தியாவில் புராட்டஸ்டன்ட் சபையின் முதல் இந்தியப் போதகர் அவர்தான். கோபன்ஹேகனின் அனுமதியோடு, ஐரோப்பியக் குருமார் சூழ்ந்து நிற்க, தமிழர் ஒருவரின் தலைமேல் கைகள் வைக்கப்பட்ட அந்த நாளின் பெருமையை நான் சிறிதும் குறைக்க விரும்பவில்லை. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஓர் ஐரோப்பியச் சபை தன் திருமேசையை ஓர் இந்தியரிடம் ஒப்படைத்தது சாதாரண முடிவு அல்ல. ஆரோன் 1745 ஜூன் மாதம் இறக்கும்வரை, நாட்டுப்புறச் சபைகளுக்காக அலைந்து உழைத்தார்.

ஆயினும் அதே ஆண்டுகளில் தஞ்சையில் இன்னொருவர் இருந்தார். இராசநாயக்கன் 1700 அளவில் பிறந்தவர். தஞ்சை அரசரின் படையில் வீரர். பெயரைப் பார்த்து நாயக்கர் மரபினர் என்று எண்ணிவிடக்கூடாது. பறையர் சமூகத்தில், ஏற்கெனவே கத்தோலிக்கரான குடும்பத்தில் பிறந்தவர். 1720களில், படையில் இருந்தபோதே, தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷங்கள் அவர் கைக்கு வந்தன. எந்த மிஷனெரியும் அவரைத் தேடிப் போகவில்லை, போகவும் முடியாது. தரங்கம்பாடி மிஷனெரிகள் தஞ்சை அரசுக்குள் தங்கி ஊழியம் செய்ய இடமில்லாத காலம் அது. மிஷனெரி ஒருவர் தஞ்சையிலேயே குடியேறியது 1778இல், சுவார்ட்ஸ் ஐயர் காலத்தில்தான். ஆகவே ஆள் நுழையமுடியாத இடத்தில் புத்தகம் நுழைந்தது. அதைப் படித்த படைவீரர் தாமாகவே தரங்கம்பாடியோடு தொடர்புகொண்டார். படைவேலையை விட்டு 1720களின் இறுதியில் உபதேசியார் ஆனார். 1771இல் இறக்கும்வரை, ஏறத்தாழ 40 ஆண்டுகள் அதே பெயரில் இருந்தார்.

இந்த மனமாற்றத்தைப் பற்றி ஒரு மறுப்பு எழலாம்: அவர் ஏற்கெனவே கிறிஸ்தவர்தானே, ஒரு சபையிலிருந்து இன்னொரு சபைக்குப் போனதில் என்ன மனமாற்றம்? கேள்வி நியாயமானது. கத்தோலிக்கராக அவர் கொண்டிருந்த பக்தி பொய்யென்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அன்று அந்த மாற்றத்தை இரு தரப்பும் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கத்தோலிக்கப் பாதிரியாரான வீரமாமுனிவர் 1728இல் எழுதிய ‘வேத விளக்கம்’ தரங்கம்பாடியாரை மறுக்கவே எழுந்த நூல். தரங்கம்பாடி வேதப் புத்தகத்தின் தமிழை அவர் கடுமையாகப் பழித்தார். இலக்கணம் கற்றவரின் கண்ணுக்கு அதில் குறைகள் நிறைய இருந்தன என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தமிழை அவ்வளவு ஆழமாகக் கற்ற மனிதர் பேனா எடுத்து மறுக்கும் அளவுக்கு அந்தப் புத்தகம் தஞ்சை நாட்டில் பரவிக்கொண்டிருந்தது என்பதுதான் இதிலிருந்து தெரிவது. அவர் குறைகண்ட அதே தமிழில்தான் ஒரு படைவீரர் தம் வாழ்க்கையை மாற்றிய சொற்களைக் கண்டார். மாறியவர் பழைய சபையாரின் பகையைத் தேடிக்கொண்டார். அரசரின் சம்பளத்தை விட்டார். பிழைப்புக்காக மதம் மாறினார்கள் என்று 18ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவர்களைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு, வேறு எவருக்குப் பொருந்தினாலும், இவருக்குப் பொருந்தவில்லை. மிஷன் அவருக்குப் படி அளந்தது உண்மை. ஆனால் கையில் இருந்த வேலையை விட்டு, ஊரார் பகையோடு சேர்ந்து வரும் ஒரு வேலையை ஏற்பது ஆதாயக் கணக்காகத் தெரியவில்லை.

உள்ளத்து அழைப்பு என்று ஹாலே மரபு எதைச் சொல்லியதோ, அதன் இலக்கணம் அப்படியே இங்கே இருக்கிறது. வசனத்தைப் படித்துக் கலங்குதல், பழைய நிலையில் தொடர முடியாமை, சொல்லாமல் இருக்க முடியாமை. சபையின் பலனும் கூடவே இருந்தது. தஞ்சைப் பகுதியில் அவரால் சபைகள் வளர்ந்தன. மிஷனெரிகளே அவரைப் போற்றி எழுதினார்கள். இரண்டாவது தமிழ்ப் போதகரைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் அவருடைய பெயர் இயல்பாகவே பேச்சுக்கு வந்தது. 1741இல் பட்டம் பெற்றவர் அவர் அல்லர். தரங்கம்பாடிப் பள்ளியில் வளர்ந்த தியோகு. காரணத்தை மிஷனெரிகள் மறைக்கவில்லை. இராசநாயக்கனின் தகுதியில் அவர்களுக்கு ஐயமில்லை. ஆனால் அவர் கையால் இராப்போசனம் கொடுக்கப்பட்டால் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் அதை மதிக்கமாட்டார்கள், திருவிருந்தின் மேலேயே அவர்களுக்குள்ள மரியாதை குறைந்துவிடும் என்று அஞ்சினார்கள். தரங்கம்பாடி ஆலயத்தில் சூத்திரச் சாதியாரும் பறையரும் தனித்தனியே அமர்ந்திருந்த காலம் அது.

அந்த அச்சம் உண்மையில் எதைச் சொல்கிறது என்று நின்று பார்க்க வேண்டும். இராசநாயக்கன் போதிக்கலாம். உயர்சாதியாரும் அவர் சொல்வதைக் கேட்கலாம். அவர் வாயிலிருந்து வரும் வசனத்துக்குத் தீட்டு இல்லை. அவர் கையிலிருந்து வரும் அப்பத்துக்கு மட்டும் தீட்டு உண்டு. லுத்தரின் போதனைப்படி வசனமும் திருச்சடங்கும் ஒரே கிருபையின் இரு வாய்கள். ஒன்றைவிட மற்றொன்று புனிதம் என்று பிரிக்க அந்த மரபில் இடமே இல்லை. அவற்றைப் பிரித்தது விசுவாச அறிக்கை அன்று. யார் கையில் யார் உண்ணலாம் என்ற காவிரிக் கழிமுகத்துச் சமையலறையின் சட்டம். திருமேசையைச் சபை ஒரு சாப்பாட்டுப் பந்தியாக எண்ணிய கணத்தில், பந்தியின் விதிகள் மேசைமேல் ஏறிக்கொண்டன. நான் இதை மிஷனெரிகளின் கெட்ட எண்ணம் என்று சொல்லவில்லை. அவர்கள் நல்லவர்கள், பலர் இந்த வெயிலில் இளவயதிலேயே உயிரைக் கொடுத்தவர்கள். ஆனால் அவர்கள் முடிவு அவர்களுடைய சொந்தப் போதனைக்கே எதிரானது.

இராசநாயக்கனுக்குப் படிப்புப் போதவில்லை, தியோகு பள்ளியில் முறையாகப் பயின்றவர் என்று சிலர் காரணம் சொல்லக்கூடும். படிப்புதான் அளவென்றால், படிப்பை முடிக்காத சீகன்பால்க் எப்படிப் போதகரானார்? அங்கே ஓர் அரசர் குறுக்கே நின்று தயக்கத்தைத் தீர்த்துவைத்தார். தஞ்சைப் படைவீரருக்காக அப்படி நிற்க எவரும் இருக்கவில்லை. மேலும், சுவிசேஷத்தைத் தாமே படித்து, தாமே பொருள் கண்டு, எதிர்ப்பவரோடு வாதாடி, நாற்பது ஆண்டுகள் ஒரு பகுதியின் சபைகளைத் தாங்கிய மனிதரைப் படிப்பில்லாதவர் என்பது, எழுத்தறிவை வகுப்பறையோடு ஒன்றாக்கிப் பார்ப்பதாகும்.

நடைமுறைத் தேவை என்ற வாதம் இதைவிட வலுவாகத் தோன்றும்: சபை சிறியது, புதியது, உயர்சாதியார் வெளியேறினால் மிஷனே சரிந்துவிடும். இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. பிற்காலத்தில் நடந்தது அவர்களுடைய அச்சத்துக்கு ஆதாரமிருந்ததைக் காட்டுகிறது. 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று ஆணையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பெருந்தொகையானோர் முறித்துக்கொண்டு போனார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும் புலவரே சாதி வழக்கங்களுக்கு ஆதரவாக எழுதினார். ஆகவே இழப்பு வந்திருக்கும்தான். ஆனால் நடைமுறைத் தேவையைக் கணக்கிடுவதென்றால் முழுக்கக் கணக்கிட வேண்டும். குருப்பட்டம் பெற்றவர் மிக அதிகமாகத் தேவைப்பட்ட இடம் எது? ஐரோப்பியர் குடியிருக்க முடியாத தஞ்சை. அங்கே இருந்தவர் யார்? இராசநாயக்கன். தரங்கம்பாடிக்கும் தஞ்சைக்கும் இடையே ஏறத்தாழ 100 கிலோமீட்டர். மழைக்காலத்தில் காவிரியின் கிளைகள் பெருகி நிற்கும் அந்த வழியில், அங்கிருந்த விசுவாசிகள் இராப்போசனத்துக்காகத் தரங்கம்பாடிக்கு நடக்க வேண்டும், அல்லது பட்டம் பெற்ற ஒருவர் அங்கே வரும்வரை காத்திருக்க வேண்டும். அவர்களை ஒவ்வொரு நாளும் போதித்தவர் அவர்கள் பக்கத்திலேயே இருந்தார். உயர்சாதியாரின் மனவருத்தம் கணக்கில் ஏறியது. ஏழைச் சபையாரின் நெடுவழி நடை ஏறவில்லை. ஒரு பக்கத்தை மட்டும் எழுதிய கணக்கு அது.

எஞ்சியிருக்கும் மறுப்பு காலத்தைச் சார்ந்தது. 18ஆம் நூற்றாண்டு மனிதர்களிடம் நம் காலத்து நீதியை எதிர்பார்க்கலாமா, அன்று எவருக்கும் வேறுவிதமாகத் தோன்றியிருக்காதே என்பார்கள். இதற்குப் பதில் நண்டலாற்றின் தென்கரையிலிருந்து வருகிறது. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் ஒரு சச்சரவைப் பதிவுசெய்கிறார். புதுச்சேரி சம்பா கோவிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களையும் சாதிக் கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. அதை எதிர்த்துக் கிளம்பிய குரலின் தொடக்கத்தைப் பிள்ளை காரைக்கால் பாதிரியாரோடு தொடர்புபடுத்துகிறார். பறையர் கிறிஸ்தவர்கள் திரண்டு போய்ப் பெரிய பாதிரியாரிடம் முறையிட்டார்கள்: நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே, எங்களுக்கு மட்டும் ஏன் சுவர் என்பதே அவர்கள் கேள்வியின் சாரம். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். ஆளுநர்வரை விவகாரம் போனது. அந்த வெற்றி நிலைத்ததா என்பது வேறு கதை. அதற்குள் இங்கே போகவில்லை. நம் வாதத்துக்கு வேண்டியது ஒன்றுதான். ஆரோன் இறந்த அதே 1745இல், இராசநாயக்கன் தஞ்சையில் உபதேசியாராகவே இருந்த அதே நாட்களில், இதே கடற்கரையில் சுவர் தவறு என்று சொன்ன பாதிரியார் இருந்தார், அதைக் கேட்டுத் திரண்ட மக்கள் இருந்தார்கள். ஆகவே ‘அன்று எவருக்கும் தோன்றவில்லை’ என்பது உண்மையல்ல. யாருடைய தோன்றல்களை நாம் ‘அன்றைய காலம்’ என்ற சொல்லுக்குள் சேர்க்கிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். புதுச்சேரியில் முறையிட நின்ற பறையர் கிறிஸ்தவர்களும் 18ஆம் நூற்றாண்டின் மனிதர்கள்தாம்.

ஆதாரங்களைப் பற்றியும் ஒரு சொல். ஆரோனைப் பற்றியும் இராசநாயக்கனைப் பற்றியும் நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி, ஹாலேயில் 1710 முதல் 1772 வரை தொடர்ந்து அச்சாகி வந்த மிஷன் அறிக்கைகளின் வழியாக வருகிறது. ஐரோப்பிய நன்கொடையாளர்களின் மனத்தைத் தொடும்படி தேர்ந்து, திருத்தி, ஜெர்மன் மொழியில் அச்சிட்டவை அவை. ஒரு தமிழ்ப் படைவீரரின் மனந்திரும்புதல் அங்கே ஹாலே மாணவர் ஒருவரின் மனந்திரும்புதலைப் போலவே ஒலித்தால் வியப்பில்லை. எனவே அவருடைய உள்ளத்து அனுபவத்தின் சொற்களை அப்படியே நம்பி எதையும் கட்டவேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே காரணத்தாலேயே அந்த அறிக்கைகளின் ஓர் ஒப்புதல் மிகுந்த நம்பகம் பெறுகிறது. தங்கள் சபையின் வெற்றியைக் காட்ட எழுதியவர்கள், தகுதியான ஒருவரைச் சாதிக்காகத் தவிர்த்தோம் என்று எழுதியிருக்கிறார்கள். அது அவர்களுக்குப் பெருமை சேர்க்கும் செய்தி அன்று. தமக்கு எதிராகத் தாமே சொல்லும் சாட்சியை எந்த நியாயசபையும் எளிதில் தள்ளாது.

பட்டம் இல்லாவிட்டால் என்ன, அவர் பணி நடந்ததே, அழைப்பு நிறைவேறியதே என்று ஆறுதல் சொல்வோர் உண்டு. அந்த ஆறுதலில் அன்பு இருக்கிறது, ஆனால் அது ஒன்றை மறைக்கிறது. உபதேசியார் போதிப்பார், நோயாளியைப் பார்ப்பார், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார், சச்சரவைத் தீர்ப்பார். தம் போதனையால் மனந்திரும்பிய குடும்பம் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமானால், வழக்கப்படி வேறொருவரிடம் அழைத்துப் போவார். சாகப்போகும் மனிதர் கடைசியாக இராப்போசனம் கேட்டால், தம் கையால் கொடுக்க முடியாது. ஒவ்வொரு முறையும், சபை அவரை எந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறது என்று அவர் பராமரித்த மக்கள் கண்ணாரப் பார்த்தார்கள். இது தனி ஒருவரின் மனக்குறை அன்று. அந்த மக்களில் பெரும்பாலோர் அவருடைய சமூகத்தைச் சேர்ந்த ஏழைகள். தங்களில் ஒருவர் பேசலாம், ஆனால் கொடுக்க முடியாது என்பதை அவர்கள் சபையின் பாடமாகவே கற்றார்கள்.

ஆரோனுக்கும் தியோகுக்கும் பின் 1749இல் அம்புரோசு பட்டம் பெற்றார். இராசநாயக்கன் 1771இல் தஞ்சையில் இறந்தார். மறு ஆண்டு, 1772இல், பிலிப்பு என்ற உபதேசியாருக்குக் குருப்பட்டம் வழங்கப்பட்டது. தரங்கம்பாடியின் தமிழ்ப் போதகர் வரிசை ஆரோனில் தொடங்கி இன்றும் எண்ணிச் சொல்லப்படுகிறது. 1733 டிசம்பர் 28 இன்றும் நினைவுகூரப்படுகிறது. அந்த வரிசையில் தஞ்சைப் படைவீரரின் பெயர் வருவதில்லை. உபதேசியார் பட்டியலில் இருக்கிறது.